நாலாம் பக்கம்

துறைமுகத்துச் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறியதும் டீச்சர் கண்டக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, "உப்பளத்து விலக்குல நிக்குமாய்யா?" என்பதுதான். அதே பஸ், அதே கண்டக்டர், அதே எட்டரை மணி. ஒரு நாள் அந்த மனிதர் பொறுமை இழந்துவிட்டார்.

"டீச்சர், மூணு வருசமா நிக்குது. நேத்தும் நின்னுச்சு. நாந்தான் விசில் அடிச்சேன்."

"நேத்து நின்னது நேத்தைக்கு. இன்னைக்கு நிக்குமான்னுல்லா கேக்கேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மானம் போயிற்று. டீச்சர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கண்டக்டர் "நிக்கும் தாயே, நிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் சீட்டுக்குக் காசு எடுத்தார்.

அவர் டீச்சர் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பிறகு கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் ஆலைக்கு வந்தார். எழுபதுகளின் கடைசி அது. அந்த ஆலை இப்போது இல்லை, அதன் வாசலில் லாரி நிறுத்துகிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் அறையில் நான் கார்டில் ஓட்டை போடும் வேலை பார்த்தேன். தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தட்டினால் அட்டையில் ஓட்டை விழும். அட்டையை மிஷின் படித்துக்கொள்ளும். என்னுடையது தற்காலிக வேலைதான். அப்பா தோணியில் போய்வந்தவர், கண் மங்கி வீட்டோடு இருந்தார். எங்கள் வீட்டில் காலையில் குளித்துக் கிளம்பும் ஆள் நான் ஒருத்திதான். அந்த வேலை போயிருக்க வேண்டியது, டீச்சரால் தங்கியது. எனக்கு அவரைப் பற்றி எழுத இருக்கும் முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் அவ்வளவு சுகமானதல்ல.

டீச்சரைப் பார்த்தால் எப்போதும் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் போலிருப்பார். நாற்காலியில் உட்காரும்போது ஒரு பெருமூச்சு, எழும்போது ஒன்று. "அலுப்பா இருக்கு ஏளா" என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அலுப்பே கிடையாது. தெரிந்ததை மறுபடி கேட்பார், பார்த்ததை மறுபடி போய்ப் பார்ப்பார். அறையின் சுவரில் கரும்பலகை ஒன்று இருந்தது. எந்தப் பிரிவுக்கு எந்த டெலிபோன் நம்பர் என்று அதில் எழுதியிருப்போம். திங்கட்கிழமை காலை வந்ததும் டீச்சர் அதை முழுக்க அழித்துவிடுவார். பிறகு ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு நாங்கள் எழுத வேண்டும். நாலு மாதத்துக்கு ஒரு நம்பர் மாறினால் அதிகம். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாறுனா அவங்களே சொல்லுவாங்கல்லா டீச்சர்?"

"மாறுனவன் வந்து சொல்ல மாட்டான். நாமதான் மறக்கணும்."

வீடு மாறிய என்னிடமும் இப்படித்தான். வாடகை வீடு, அடிக்கடி மாறுவோம். "இன்னைக்கு எங்கன இருக்க?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னோடு பேச்சைத் தொடங்குவார். அக்கறை என்று நினைத்தேன். அக்கறையும் இருந்திருக்கலாம்.

அவர் செய்த வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. எங்கள் பழைய மிஷினுக்குப் பதில் புதிது ஒன்று வந்தது. பழையதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதியதற்கு மாற்றிக் கொண்டுபோக வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் மேலோட்டமானதை எடுத்துக்கொண்டு, பேஜ் டேபிள் என்ற பகுதியை டீச்சர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பேரே ஒரு கூத்துக்கு வழிவிட்டது. 'பேஜ் டேபிள் வேலைக்கு' என்று போட்டு அச்சடிக்கும் தாள் கேட்டு டீச்சர் ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு ஆசாரி அளவுகோலோடு வந்து நின்றார். "எந்தப் பக்கம் போடணும்மா டேபிளு? சன்னல் பக்கமா, கதவு பக்கமா?" என்று கேட்டார். ஸ்டோரில் இருந்தவர் பேஜ் என்றால் பக்கம்தானே, பக்கத்தில் போடுகிற சின்ன மேசை என்று முடிவு கட்டிவிட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். டீச்சர் மட்டும் சிரிக்காமல் சன்னல் பக்கத்தைக் காட்டினார். நல்ல தேக்கு மேசை வந்தது. கடைசிவரை தாள் வரவில்லை.

பக்கம் என்று அவர் சொன்னது இதைத்தான். ஓடுகிற புரோகிராம் ஒவ்வொன்றும் தன்னுடைய இடம் முழுக்க முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று வரிசையாக இருப்பதாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அந்தப் பக்கங்கள் மிஷினின் நினைவகத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். எது எங்கே கிடக்கிறது என்று எழுதிய பட்டியல்தான் பேஜ் டேபிள். புரோகிராமுக்கு ஒரு பட்டியல். அதை எழுதுவதும் மாற்றுவதும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வேலை.

பழைய மிஷினில் பட்டியல் எட்டே எட்டு வரி. அது மிஷினுக்குள்ளேயே இருக்கும். ஒரு புரோகிராமை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டும்போது அந்த எட்டையும் அழித்துப் புதிதாக எழுதினால் வேலை முடிந்தது. புது மிஷினில் பட்டியல் நீளமானது. நினைவகத்தில் எங்கோ கிடக்கும். முதலில் ஒரு பட்டியலைப் பார்த்து, அது காட்டும் வேறொரு பட்டியலைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படிப் போய்வர நேரமாகும் என்று, சமீபத்தில் பார்த்த சிலவற்றை மிஷின் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்ளும். அங்கேதான் வினை. புரோகிராம் மாறும்போது பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது. "பழைய குறிப்பையும் மறந்துவிடு" என்று மிஷினுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மிஷினில் அப்படியொரு கட்டளையே கிடையாது. ஏனென்றால் அதற்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

"வடக்குத் தெருவுலயும் நாலாம் நம்பர் வீடு இருக்கு, தெக்குத் தெருவுலயும் இருக்கு" என்றார் டீச்சர் ஒரு முறை. "தெரு மாறுனதும் தபால்காரர் பழைய வீட்ட மறக்கலன்னா என்ன ஆகும்? இந்த வீட்டுச் சாவுச் செய்தி அந்த வீட்டுக்குப் போகும்."

நான் தலையாட்டினேன். புரிந்ததா என்றால், தலையாட்டும் அளவுக்குப் புரிந்தது.

அந்த வருடம் ஆலையில் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்க உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். தூசி நிறைந்த வேலை, அதனால் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டர் எழுதிய தாள்களைப் பார்த்து நான் கார்டு அடித்தேன். இரண்டு பிரிவின் தாள்களும் ஒரே நாளில் என் மேசையில் இருந்தன. மிஷின் இரண்டு பிரிவுப் பட்டியலையும், பிரிவுக்கு ஒரு புரோகிராமாக, ஒரே நேரத்தில் தயாரித்து அச்சடித்தது. தேறாதவர்களை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மிக்கேல் வந்தார். தருவைகுளத்துக்காரர். சங்கு குளித்துக்கொண்டிருந்தவர், கரையில் மாதச் சம்பளம் வேண்டும் என்று ஆலைக்கு வந்திருந்தார். கதவை அடைத்துக்கொண்டு நின்றார், அப்படி ஒரு உடம்பு.

"டீச்சரம்மா, என் நெஞ்சு ஓட்டையாம்லா? சொல்லுதாவ. நான் முங்குனா எட்டுப் பாகம் ஆழம் போயிட்டு வாரவன்."

"லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு, அண்ணாச்சி" என்றேன் நான்.

"லிஸ்ட விடு தாயி. இங்கன பாருங்க."

சொல்லிவிட்டு மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு சுற்று சுற்றியது. மிக்கேல் அசையவில்லை. இரண்டாவது சுற்றில் பாதி போனதும் எனக்கு மூச்சு முட்டியது. அவர் கண்ணில் ஒரு துளி நீர் நின்றது. அது மூச்சால் வந்ததா, வேறெதனால் வந்ததா, தெரியவில்லை. இரண்டாம் சுற்றும் முடிந்த பிறகுதான் விட்டார். அதுவும் மெதுவாக, இருமல் இல்லாமல்.

டீச்சர் போய்ப் பட்டியலை எடுத்துவந்து மேசையில் விரித்தார். மிக்கேல் பெயருக்கு நேரே இருந்த எடையைப் படித்தார். நோஞ்சான் ஆளின் எடை. மார்பளவும் அப்படியே. டீச்சர் அந்தத் தாளையும் எதிரே நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேனேஜருக்குச் செய்தி போனதும் ஐந்து நிமிடத்தில் விடை கண்டுபிடித்துவிட்டார். கடற்கரைப் பக்கத்து ஆட்கள் பட்டியலில் நாலு மிக்கேல் இருந்தார்கள். எங்கள் ஊரில் இது புதிதல்ல. ஒரு தெருவில் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரேஷன் கடையில், ஞானஸ்நான ஏட்டில், கல்யாண ஓலையில் எல்லாம் பெயர் குழம்பித்தான் இருக்கும். எது தப்பாகப் போனாலும் பேர்க் குழப்பம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போனது. ஒரு மிக்கேலின் தாளைப் பார்த்து இன்னொரு மிக்கேலுக்கு நான் அடித்துவிட்டேன், அவ்வளவுதான். "உன் தப்புன்னு எழுதிக் குடும்மா. திங்கட்கிழமையிலருந்து வர வேண்டாம்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல், முந்தின இரவு கண் மூடவில்லை. மேசையில் இரண்டு கட்டுத் தாள்கள், மிக்கேலுக்கு மேல் மிக்கேல். தூக்கக் கலக்கத்தில் அடித்த கை எதை அடித்தது என்று எனக்கே நிச்சயம் இல்லை. அழுதுகொண்டே எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். டீச்சர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ பாத்தியா?"

"எத டீச்சர்?"

"தப்பா அடிச்சத."

"பாக்கல. ஆனா நாந்தான்..."

"பாக்காம எப்படி எழுதுவ?"

அடுத்த மூன்று நாளும் அவர் தேடினார். முதலில் நாலு மிக்கேலையும் பார்த்தார். நாலு பேரில் ஒருவருக்கும் அந்த எடை இல்லை, அந்த மார்பளவு இல்லை, நெஞ்சில் கோளாறும் இல்லை. அப்படிப்பட்ட ஆள் மொத்தப் பரிசோதனையிலும் ஒரே ஒருவர்தான். அடுத்த பிரிவில் இருந்த சுடலைமுத்து. பெயரில் ஒரு எழுத்து ஒற்றுமை கிடையாது. ஆனால் மிக்கேல் தன் பிரிவுப் பட்டியலில் எந்த வரிசையோ, சுடலைமுத்து அவர் பிரிவில் அதே வரிசை. இரண்டு புரோகிராமிலும் அந்த வரிசையின் பெயர் மூன்றாம் பக்கத்தில் கிடக்கும், எடையும் நெஞ்சுப் படமும் நாலாம் பக்கத்தில் கிடக்கும். மிக்கேலின் பெயரைத் தன் பக்கத்திலிருந்து எடுத்த மிஷின், நாலாம் பக்கத்துக்குப் போகும்போது பழைய குறிப்பை நம்பி சுடலைமுத்து இருந்த புரோகிராமின் நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

பிறகு தான் எழுதியதை வரி வரியாகப் படித்தார். புரோகிராம் மாறும் இடங்களில் எல்லாம் மறக்கச் சொல்லும் கட்டளையைப் போட்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில் இல்லை. கார்டு படிக்கும் மிஷினுக்காகக் காத்துக் கிடந்த புரோகிராம் மறுபடி எழுந்து ஓடும் இடம் அது. பழைய மிஷினில் எழுதிய வரிகளை அங்கே அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார். பழைய மிஷினுக்கு அது சரி. புதிய மிஷினுக்குப் போதாது. கரும்பலகையை வாரம் தவறாமல் அழித்தவர், அந்த ஒரு இடத்தில் அழிக்க மறந்திருந்தார்.

கண்டுபிடித்த அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "என் தப்பு ஏளா" என்றார். சந்தோஷப்படுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. தப்பு இருக்கும் இடம் தெரிந்துவிட்ட ஆளின் முகம் அது.

மேனேஜர் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தார். மேனேஜர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார்.

"மிஷினு பழைய ஞாபகத்துல சொல்லிட்டுங்கியளா?"

"ஆமா சார். மறக்கச் சொல்லணும். நான் சொல்லாம விட்டுட்டேன்."

"மிஷினுக்கு ஏதும்மா ஞாபகம்? நாலு மிக்கேலு இருக்கான். குழம்பிட்டு. இதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?"

"நாலு மிக்கேலையும் பாத்துட்டேன் சார். இது மிக்கேல் கணக்கே இல்ல, சுடலைமுத்து கணக்கு. இவ அடிச்ச கார்டு சரியா இருக்கு. இந்தா, பாருங்க."

மேனேஜர் கார்டை வாங்கவில்லை. "இப்ப சரியா இருக்கும். பெறகு மாத்தி அடிச்சு வைக்க எவ்வளவு நேரமாகும்? எனக்கு இந்த ஓட்டையெல்லாம் வாசிக்கத் தெரியாது டீச்சர். இந்தப் பிள்ள மேல உங்களுக்கு இரக்கம். அது நல்லதுதான். ஆனா யாராவது ஒருத்தர் பேரு இதுல வரணும். உங்க பேரப் போடட்டுமா?"

"எம்பேரத்தான போடச் சொல்லுதேன்."

போட்டார். மிக்கேலுக்கு மறுபடி படம் எடுத்தார்கள், வேலை கிடைத்தது. அவர் ஒரு வாளி மீனோடு வந்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் வேலை தங்கியது. டீச்சர் விட்டுப்போன கட்டளையை உரிய இடத்தில் எழுதிச் சேர்த்தார். மறுவாரம் அவரை மிஷின் பக்கம் வர வேண்டாம் என்று பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் நாலைந்து மாதம் இருந்தார். போகிற வருகிறவர்கள் என்னிடம், "உனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாவளே, மகராசி" என்றார்கள். நான் ஆமாம் என்றேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தெருவும் தபால்காரருமாக அவர் சொன்னதையெல்லாம், என்னைக் காப்பாற்ற ஒரு படித்த பெண் கட்டிய கதை என்றே எடுத்துக்கொண்டேன். கார்டையும் அவரே புதிதாக அடித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

பல வருடம் கழித்து, சென்னையில் நானே புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்த பிறகு, ஒரு மிஷினோடு வந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டியலை மாற்றியதும் பழைய குறிப்புகளை அழிக்கும் கட்டளையைத் தவறாமல் கொடுக்கவும், இல்லையென்றால் ஒரு புரோகிராமின் பக்கம் இன்னொன்றுக்குத் தெரியும் என்று சாதாரணமாக ஒரு வரி போட்டிருந்தது. டீச்சர் கதை கட்டியிருக்கவில்லை. அவரைத் தேடிப் போகவில்லை. வெட்கம் ஒரு காரணம், அலுப்பு ஒரு காரணம். வெட்கம்தான் பெரிய காரணம் என்று சொல்லிக்கொள்ளப் பிடிக்கிறது.

ஏனென்றால் அவருடைய கடைசி நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் கோப்பு அறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்காக நீங்க பொய் சொன்னத சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர்."

அவர் என்னையே பார்த்தார்.

"நான் பொய் சொல்லலியே, ஏளா."

"சரி டீச்சர்."

"சரின்னு சொல்லாத." பைக்குள் கையை விட்டு அந்தக் கார்டை எடுத்தார். இத்தனை மாதமும் வைத்திருந்திருக்கிறார். "நீ அடிச்சது. சரியா அடிச்சிருக்க. பாரு."

நான் அடிக்கும் ஒவ்வொரு கார்டின் முதுகிலும் வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுவது என் வழக்கம். திருப்பிப் பார்த்திருந்தால் என் கையெழுத்து எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு நொடி வேலை. நான் அந்தக் கார்டை வாங்காமல், அவர் விரல்களை அதன்மேல் மடக்கி மூடினேன். பெரிய மனது பண்ணுகிறோம் என்ற எண்ணம் எனக்கு.

"வேண்டாம் டீச்சர். எனக்குத் தெரியும்."

அவர் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். கோபம் இல்லை. அவர் முகத்தில் அத்தனை அசதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு ஆளு பாத்தாப் போதும்னு நெனச்சேன்" என்றார்.